மூன்றாவது நகல்

கல்யாண உரிமம் கேட்டால்
பழைய கல்யாணம் முடிந்ததற்குச் சான்று கேட்கிறார்கள்.
அதற்காகத்தான் வந்தேன், வேறொன்றுக்கும் இல்லை.
வடக்கு டகோட்டாவில் பிப்ரவரி.
பூட்ஸிலிருந்து உருகிய பனி
நீதிமன்றத்தின் பச்சைத் தரையில் ஓடி
எனக்கு முன்னால் ஜன்னலருகே போய் நின்றது.

வெர்லா நூட்சன் என்றேன்.
அந்தக் காலத்துக் கோப்பு எல்லாம்
கணவர் பெயரில்தான் இருக்கும் என்றான்
மீசை இன்னும் முடிவுக்கு வராத பதிவறைப் பையன்.
எந்த வருடம்?
பீட்ரூட் மொத்தமும் வயலிலேயே உறைந்த வருடம்
என்று வாய்வரை வந்தது.
தொண்ணூற்றெட்டு என்றேன்.

தேடுகூலி தனி, முத்திரையிட்ட நகலுக்குத் தனி.
எண்ணி வைத்தேன்.

மெலிந்த கோப்பு.
இரண்டு முறை புரட்டினான்.
கள்ள நோட்டோ என்று கடைக்காரர் பார்ப்பதுபோல்
கடைசித் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கினான்.
"இதுல தீர்ப்பு இல்லையே, மேடம்."

இருந்தது என் மனு.
விட்டுப்போன ஓர் எழுத்தை
அவசரமாக மேலே செருகிய என் கையெழுத்து.
எண்பது டாலருக்கு ரசீது.
பிறகு ஷெரீஃபின் ஆள் பென்சிலில் எழுதியது:

நவம்பர் 9. வீட்டில் எவரும் இல்லை.
நவம்பர் 16. விளக்கு எரிகிறது. கதவு திறக்கவில்லை.
டிசம்பர் 2. நாய் மட்டும்.
சார்பு செய்யப்படவில்லை.

நாய் மட்டும்.
ஹெக்டர், திருடன் வந்தாலும் வாலாட்டுவான்.
அந்த மனிதரின் கையுறையை நக்கியிருப்பான்.

அடியில் ஊதா நிறத்தில் ஒரு ரப்பர் முத்திரை:
மேல் நடவடிக்கை இல்லாததால் தள்ளுபடி.
தகவல் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது,
ஆர்லனின் கைக்கு.
பிரித்துப் படித்திருக்கலாம்.
அவன் பிரிக்காமலே வைத்திருப்பான்,
எதையும்போல.

அப்படியானால் இத்தனை வருடமும்
பல் மருத்துவர், வரி அலுவலகம்,
குடிக்கணக்கு எடுக்க வந்த கர்ப்பிணிப் பெண்,
எல்லாருடைய படிவத்திலும்
'விவாகரத்தானவர்' கட்டத்தில் குறி போட்டுப்
பொய் சொல்லியிருக்கிறேன்.
பவுலிங் தோழிகள் அன்று ரூபார்ப் பை வாங்கி வெட்டினார்களே,
அதுவும் பொய்ப் பை.
டிசம்பர் தோறும் எனக்கு நானே வாங்கிக்கொடுத்த ஸ்டேக்கை
என்ன கணக்கில் எழுதுவது?

கத்துவேன் என்று பையன் ஓரடி தள்ளி நின்றான்.
சிரிப்புதான் வந்தது.
அறுத்துக் கட்டுவார்கள் கேட்டிருக்கிறேன்;
நான் அறுக்காமலே கட்டப் பார்த்திருக்கிறேன்.

வெளியே எமரி
வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான்.
பத்து நிமிடம் என்று சொல்லியிருந்தேன்.

புதுப் படிவம் தந்தான் பையன்.
புது வழக்கு எண், புதுக் கட்டணம்.
எதிர்மனுதாரர் முகவரி?
லூத்தரன் முதியோர் இல்லம், பின்கட்டு, அறை பதினான்கு.
யோசிக்காமல் எழுதிவிட்டேன்.
எனக்குத் தெரியும் என்பதே
எனக்கு அப்போதுதான் தெரிந்தது.
இந்த முறை சார்பு செய்துவிடலாம்.
அங்கே கதவுகளுக்கு உள்தாழ் கிடையாது.

அடுத்து: பிரிந்த தேதி.
மாதம், நாள், வருடம், ஒரே ஒரு கட்டம்.
நான் சாவியை ரொட்டிப் பெட்டிமேல் வைத்த காலையா?
என் தையல் மெஷினை விற்றுவிட்டு
மீன் பிடிக்கப் போனானே, அந்த சனிக்கிழமையா?
அதற்கும் முன்னால் ஒரு ராத்திரி
வானிலை அறிக்கை கேட்க வேண்டும், கொஞ்சம் பேசாமல் இரு என்றான்.
நான் பேசாமல் இருந்தேன்.
காலண்டரில் அன்றைக்கு ஒன்றும் இல்லை.

பேனா நின்றதைப் பார்த்துவிட்டு
"தோராயமாப் போட்டாப் போதும்" என்றான் பையன்.
"ஆனா நல்லா அழுத்தி எழுதுங்க, மேடம்.
மூணாவது நகல்தான் அவருக்குப் போகும்."