பத்தாவது தட்டல்

வுப்பர்டாலில் இரவு இரண்டு நாற்பது.
இரத்த வங்கியிலிருந்து ஸ்வென்யா, நான்காவது அழைப்பு:
"கணக்கு பூட்டிக்கொண்டது."
"சரியாகத்தானே அடித்தீர்கள்?"
"நான் இன்னும் அடிக்கவே இல்லை."

பூட்டைத் திறக்க எனக்கு ஒரு வரி போதும்.
எழுதினேன். திறந்தது.
ஏழு நிமிடம் ஆவதற்குள்
மறுபடி பூட்டிக்கொண்டது.

விதி என்னுடையதுதான்.
பத்து முறை தவறினால் கதவடைப்பு.
தொண்ணூறு நாளில் சொல் செத்துப்போகும்.
பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல்
ஓர் எண், ஒரு குறி,
ஒரு பெரிய எழுத்து, ஒரு சிறிய எழுத்து.
பெரிய எழுத்தே இல்லாத மொழியில் கனவு காண்கிறவள்
இதை எழுதிக் கையொப்பமும் இட்டிருக்கிறேன்.
எங்களிடம் உயிர் உண்டு, மெய் உண்டு,
ஒட்டாமல் நிற்கும் மூன்று புள்ளியும் உண்டு.
பெரியது சிறியது
எழுத்தில் மட்டும்தான் இல்லை.

போன பத்துச் சொற்களில் எதுவும் திரும்பி வரக்கூடாது.
தரவுத்தளம் அவற்றை வைத்திருப்பதில்லை,
எரித்துச் சாம்பலை வைத்திருக்கிறது.
புதிதாக வருவதையும் எரித்து
சாம்பலோடு சாம்பலை ஒத்துப் பார்க்கும்.

செவ்வாயன்று டூசல்டோர்ஃபிலிருந்து தணிக்கைக்காரர் வந்தார்.
பட்டியலில் ஓரிடத்தில் விரல் வைத்தார்:
"இதற்கு மட்டும் ஏன் காலாவதி இல்லை?"
"பழையது," என்றான் ஹென்னிங்.
"பழையது என்பது ஒரு காரணமா?"
நேற்று நள்ளிரவில் சலுகை நீங்கியது.
இரத்த வங்கியின் ஒன்பது பேருக்கும்
புதுச்சொல் மூடிய உறையில் போனது.

இப்போது யாரோ தட்டுகிறார்கள்.
நாற்பது நொடிக்கு ஒருமுறை, பிசகாமல்.
திருடனுக்கு இத்தனை ஒழுங்கு ஏது?
மறந்துபோன மனிதன் என்றால்
தவறையாவது மாற்றி மாற்றி அடிப்பான்.
பதிவேட்டைப் புரட்டினேன்.
தட்டுபவர்: கீழ்த்தளம் மூன்று.

ஆற்றுக்கு மேலே தொங்கு ரயிலின் தண்டவாளம்
ரயில் இல்லாமல் நனைந்துகொண்டிருந்தது.
பின்வாசல் வழியாக நுழைந்து
லிஃப்டில் இறங்கினேன்.

குளிர்பெட்டிகளுக்குப் பின்னால்
ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு கணினி.
மேலே தூசி, நடுவில் பச்சைப் பொட்டு விளக்கு,
மஞ்சளேறிய ஒட்டுத்தாளில் ஜெர்மனில்
"அணைக்க வேண்டாம், நன்றி."
நன்றிக்குக் கீழே இரண்டு கோடு.
என் கையெழுத்து.

கோப்பைத் திறந்தேன்.
அங்கே சாம்பல் இல்லை, சொல் முழு உடம்போடு கிடந்தது:
ராஜினாமா, அதை ஒட்டி 2014,
முடிவில் ஓர் ஆச்சரியக்குறி.

அந்த வருடம் வேலையை விடுவதாக இருந்தேன்.
கடிதம் தயார். மேலாளர் விடுமுறையில் இருந்தார்.
அவர் திரும்புவதற்குள் ஒரு சர்வர் எரிந்தது,
பிறகு கிறிஸ்துமஸ் வந்தது,
பிறகு கடிதத்தில் தேதி மாற்றவேண்டி இருந்தது,
பிறகு.

நான் கொடுக்காததை
இது கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.
நாற்பது நொடிக்கு ஒரு ராஜினாமா,
விடுமுறை நாளிலும்.
ஒவ்வொரு முறையும் தரவுத்தளம் உள்ளே விட்டிருக்கிறது,
இதுவும் உள்ளே போய்
"இரத்தம் நான்கு டிகிரி" என்று எழுதிவைத்துவிட்டு
திரும்பி வந்திருக்கிறது.
இன்றிரவுதான் முதல்முறையாக
ஏற்க மறுத்திருக்கிறார்கள்.

அதற்கென்று தனிக் கணக்குத் திறந்தேன்.
முப்பது எழுத்தில்
யார் வாயிலும் நுழையாத ஒரு சொல்.
பழையதை அழிக்கும் விசையில்
விரலை வைத்துக்கொண்டு
ஒரு தட்டல் நேரம் நின்றேன்.

நான்கு புள்ளி ஒன்று, என்று பதிவானது.
ஸ்வென்யா மேலிருந்து "வந்துவிட்டது" என்றாள்.
முதல் ரயில் ஆற்றின் மேல் முனகிக்கொண்டு போனது.

காலையில் ஹென்னிங் காப்பிக் குவளையோடு வந்தான்:
"ராத்திரி யாரோ தாக்கினார்களாமே, ரஷ்யாவா?"
"இல்லை. உள்ளே இருக்கிற ஒருத்தி."
"பிடித்தாயா?"
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம்
இன்னும் காலியாக இருந்தது.
"பழையது," என்று எழுதினேன்.