கடல், கடல், கேக்குதா

குளச்சல் துறைமுக அலுவலகம்.
ஃபேன் இருக்கிறது, கரண்ட் இல்லை.
மடிக்கணினியில் இருபத்தேழு சதவீதம்.
லின்டர் முப்பத்தொரு எச்சரிக்கை காட்டுகிறது,
எல்லாம் ஒரே எச்சரிக்கை:
மாறிக்கு மேற்கோள் போடு,
இல்லையென்றால் சொல் உடையும்.

ஆடியில் இதே வரிகளைப் பார்த்துச் சிரித்தேன்.
ஓடுகிற ஸ்கிரிப்டுக்கு எதற்கு வேலி?
மேலே ஒரு வரி எழுதி
அதன் வாயை அடைத்தேன்.
அன்று பட்டியலில் இருந்தவை
ஜெபமாலை, ஸ்டெல்லா, விண்மீன்.
ஒற்றைச்சொல் வள்ளங்கள்.
உடைய என்ன இருக்கிறது?

ஐப்பசியில், காற்று வரும் என்று அறிவித்த இரவு,
போனது நாற்பத்தொன்று.
வந்ததும் நாற்பத்தொன்று;
கரையில் டார்ச் அடித்து எண்ணியவர் ததேயுஸ்.
என் ஸ்கிரிப்ட் மட்டும் சொன்னது
இரண்டு இன்னும் திரும்பவில்லை என்று.
ஒன்றின் பெயர் கடல்.
இன்னொன்றின் பெயர் மாதா.

ததேயுஸ் திரையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
எதற்கும் இருக்கட்டுமென்று வயர்லெஸ்ஸை எடுத்து
'கடல், கடல், கேக்குதா, ஓவர்' என்றார்.
பதில் இல்லை என்று சொல்ல முடியாது.
ஜன்னலுக்கு வெளியே
இரைந்துகொண்டுதான் இருந்தது.

மாதாவையும் கூப்பிட்டார்,
குரலை இறக்கி.

பதினோரு நிமிடம்.
கடலோரக் காவலுக்கு எண்ணை அழுத்தப் போகும்போது
தலை துவட்டியபடி வாசலில் வந்து நின்றார் ரெஜினால்டு:
'எனக்க வள்ளத்தையா தேடுதீங்க?
கடல் மாதா. இந்தா கட்டிக் கெடக்கு.'

ஒரு வள்ளத்தை நடுவில் பிளந்திருந்தேன்.
பலகைக்குச் சேதமில்லை;
பெயருக்குள் இருந்த அந்த இடைவெளியில்,
பெயிண்டர் தூரிகையை எடுத்து
மறுபடி வைத்த இடத்தில்.

அதனால் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.
டாலர் குறிக்கு முன்னால் இரண்டு கோடு,
பெயர் முடிந்ததும் இரண்டு கோடு.
பதினாலு. பதினைந்து.
வலையைத் தைக்கிற வேகம்கூட இல்லை.
கண்ணை மூடிக்கொண்டு
எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்றவும் முடியாது:
ஓரிடத்தில் மாறிக்குள் மூன்று தெரிவுகள் இருக்கின்றன,
அவை பிரிந்தால்தான் கட்டளை கேட்கும்.
அங்கே மட்டும்
வாயடைக்கும் வரியைத் திரும்ப எழுதினேன்.
இந்த முறை காரணத்தோடு.

ஒன்பது சதவீதம்.
பதிவுக்கு ஒரு புது வள்ளம் வந்திருக்கிறது.
விண்ணப்பத்தில் பெயர்:
கர்த்தர் தந்தது * 2
'அந்த நட்சத்திரம்?' என்றேன்.
'மகளுக்க ஆசை' என்றார்.
உடுக்குறி தனியே நின்றால்
அந்த அடைவில் கிடக்கும் கோப்பையெல்லாம்
பெயர் சொல்லி அழைத்துவிடும்.
வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன்.
அப்புறம் திரையைப் பார்த்தேன்,
முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

'இருக்கட்டும்' என்றேன்.