முழு நிமிஷம்

கட்டை விரலை வைக்காதீங்க,
அதுக்கே ஒரு துடிப்பு உண்டு,
பார்க்க வேண்டியதை விட்டுட்டு அதைய எண்ணிப்போடுவீங்க
என்றார் நர்ஸ் பிலோமினா.
ஆள்காட்டி விரல், நடு விரல்.
கட்டை விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில்,
எலும்புக்கும் நரம்புக்கும் நடுவே ஒரு பள்ளம்.
அமுத்தவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது.
பாவு விறைப்புப் பார்க்கிற மாதிரிங்களா என்றேன்.
அது எப்படீன்னு எனக்குத் தெரியாதுங்க என்றார்.

எனக்கு மாத்திரை மாற்றியிருந்தார்கள்.
தினம் வெடியால, காப்பிக்கு முன்னால்,
அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்து,
முப்பது நொடி எண்ணி, ரெண்டால் பெருக்கி,
ஐம்பதுக்குக் கீழே போனால் ஓடி வரச் சொன்னார்கள்.

சோமனூரில் சும்மா உட்காருவதா?
சுவருக்கு அந்தப்பக்கம் என் தறி ஆறு.
இந்தப்பக்கம் ராக்கியண்ணன் தறி பத்து.
கண்ணை மூடி முதல் நாள் எண்ணியது
நூற்று முப்பத்தெட்டு.
வேர்த்துவிட்டது. அப்புறம்தான் பிடிபட்டது,
அது நானில்லை,
கோடித் தறி.

அதனால் கரண்ட் போகக் காத்திருந்தேன்.
மின்வாரியத்தை நான் திட்டாத வாரம்
என் ஆயுசில் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்குப் போனது.
நைட் ஷிப்ட் பீதாம்பர் வெளியே வந்து பீடி பற்றவைக்கிற
தீக்குச்சிச் சத்தம் வரைக்கும் கேட்டது.
விரலுக்கடியில் வந்தது. அறுபத்திநாலு.
கூலி நோட்டில், மீட்டர் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே குறித்தேன்.
இருநூற்று நாற்பது. அறுபத்திநாலு.
சனிக்கிழமை மேனேஜர் சென்னியப்பன்
ரெண்டையும் கூட்டிக் கூலி போட்டுவிட்டார்.
திருப்பிக் கொடுத்தேன்.
உடனே இல்லை.

அடுத்த தரம் கரண்ட் போனபோது
கருணாம்பிகை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
எனக்கும் பாருங்க, காசா பணமா?
வளையலை மேலே தள்ளினேன்.
இருபத்தாறு வருஷமாக இந்தக் கையிலிருந்து
சோறு வாங்கியிருக்கிறேன்,
சுற்றிய தார் வாங்கியிருக்கிறேன்,
அடகு வைக்க இந்த வளையலையும் ரெண்டு தரம்.
பள்ளம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

ஒன்று. ரெண்டு. மூன்று.
நாலு வரவில்லை.
பிறகு நாலும் அஞ்சும் சேர்ந்தே வந்தன,
ஒரே கதவில் முட்டிக்கொண்டு நுழைகிற ரெண்டு பேரைப் போல.
அப்புறம் ஓட்டம். அப்புறம் ஒரு வெறும் இடம்.

ஊடை அறுந்தால் தறி நின்றுவிடும்.
நாடாவை எடுத்து, தார் மாற்றி, மறுபடி தட்டிவிடலாம்.
இது நிற்கவில்லை.
விட்ட இழையை விட்டபடியே
நெய்துகொண்டு போகிறது.
துணியில் அப்படி விழுந்தால்
சென்னியப்பன் விரலால் தடவியே கண்டுபிடிப்பார்,
கூலியில் பிடித்துக்கொள்வார்.
இதை யாரும் தடவிப் பார்க்கவில்லை.

தாறுமாறா வந்தா பாதி எண்ணிப் பெருக்கக் கூடாதுங்க,
முழு நிமிஷம் எண்ணணும்.
பிலோமினா அதையும் சொல்லியிருந்தார்,
எனக்கு எதற்கு என்று அன்றைக்குக் காதில் வாங்காமல் இருந்தேன்.
எண்ணினேன்.
நூற்றுப் பதினெட்டு.
உட்கார்ந்தபடி. ஒரு வேலையும் செய்யாமல்.

எத்தனைங்?
எத்தனை நாளா மூச்சு வாங்குது உனக்கு?
அது தீவாளிக்கு முந்தியே, என்றாள்,
அரிசி தீர்ந்துபோச்சு என்கிற அதே குரலில்.
தார்ப்பெட்டி தூக்குனா ஆருக்குத்தான் வாங்காது.

கரண்ட் வந்துவிட்டது.
பதினாறு தறியும் ஒன்றாகப் பிடித்தன.
சுவர் நடுங்கியது, பெஞ்சு நடுங்கியது,
என் விரலுக்கடியில் இருந்தது
அவளா தறியா தெரியவில்லை.
விடுங்க, தார் இல்லாம நிக்கப்போகுது என்று எழுந்தாள்.
நிக்கட்டும்.

மெயின் சுவிட்சை நானே இறக்கினேன்.
பீதாம்பர் வந்து எட்டிப்பார்த்தான்.
ராக்கியண்ணன் தறி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு பத்துக்கு பஸ்.
சேலை மாற்றிக்கொண்டு அவள் வருவதற்குள்
நோட்டை எடுத்தேன்.
மீட்டர் இடத்தில் ஒரு கோடு இழுத்து,
பக்கத்தில் நூற்றுப் பதினெட்டு என்று எழுதி,
அடியில் அவள் பெயரை
இனிஷியலோடு முழுசாக எழுதினேன்.
டாக்டர் அதை என்னுடையது என்று
எண்ணிவிடக் கூடாது.