பிறை ஆற்று மரண சகாய நிதி

ஊருக்குப் பெயர் பிறை.
ஆற்றில் வருஷம் முழுக்க அமாவாசை.
சாயப் பட்டறை திறந்துவிட்டால் மட்டும் மஞ்சள்,
சீனி ஆலை கழுவினால் பழுப்பு நுரை.
நிறம் பார்த்தே ஓவர்டைம் சொல்வாள்
பாலத்தடியில் நாசி லெமாக் விற்ற தனகோடி:
"இன்னிக்கு மஞ்ச. நாப்பது பொட்டலம் கூடக் கட்டு."

மூன்று வேளை சங்கு.
ஆறரை, இரண்டரை, பத்தரை.
இரண்டு சங்குக்கு நடுவில்தான்
பெண் பார்த்தோம்,
யூனியன் தேர்தலில் நாற்காலி வீசினோம்,
டாக்யார்டு அணியிடம் ஏழு கோல் வாங்கி
தோற்றவர்களுக்கும் மாலை போட்டோம்.
ஈய உலையின் சாம்பல்
காயப்போட்ட சாரம், தீமிதிக் குழி, ஆ கீயின் காப்பிக் குவளை
எதையும் விடவில்லை.
ஷிப்டு முடிந்து வருகிறவர்களில்
தமிழன் யார், சீனன் யார், மலாய்க்காரன் யார் என்று
குளித்த பிறகுதான் தெரியும்.

ஆலை மூடி இருபத்திரண்டு வருஷம்.
மூடிய அன்று சங்கு ஊதவில்லை;
முந்தின வாரமே கரண்டை வெட்டியிருந்தார்கள்.
நீலப் பேரேடு மட்டும் என் கைக்கு வந்தது.
ஆளுக்கு மாதம் ஐம்பது காசு,
சாவுக்கு நூற்றைம்பது வெள்ளி.

மூன்றாம் உலை சவரிமுத்து: கொடுத்தாச்சு.
சீனி மூட்டை ராக்காயி: கொடுத்தாச்சு.
படகுக்காரர் பாக் மான்: கொடுத்தாச்சு.
பக்கத்துக் கட்டத்தில் ஆட்சேபணை:
'ஆலையாள் அல்ல. நம்மவரும் அல்ல.'
கையெழுத்தை யாரோ பேனாவால் அடித்திருக்கிறார்கள்,
படிக்க முடியவில்லை.

முடிகிறது.
என் அப்பா.

பதினோரு பக்கம் தள்ளி
அவருக்கும் நூற்றைம்பது.
அந்த வாரம் வெள்ளம், பாலம் மூழ்கிக் கிடந்தது.
'பிணம் அக்கரை சேர்த்த படகுக் கூலி:
பாக் மான் மகன், வாங்க மறுப்பு.'

இப்போது ஆறு ஒரு நிறத்திலும் இல்லை.
உலை இருந்த இடத்தில் கிடங்கு,
வாசலில் நேப்பாளத்துக் காவலாளிகள்.
போன மாதம் தில் பகதூர்
தூக்கத்திலேயே போய்விட்டான்.
பெட்டியை ஊருக்கு அனுப்ப
மைலோ டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வந்தார்கள்.

நிதியில் மிச்சம்
முப்பத்தெட்டு வெள்ளி நாற்பது காசு.
எந்த ஊருக்கும் எந்தப் பெட்டியும் போகாத தொகை.
போட்டேன்.
வீட்டுக்கு வந்து கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
கிடங்கு, தில் பகதூர்: கொடுத்தாச்சு.

ஆட்சேபணைக் கட்டத்தைக்
காலியாக விட்டிருக்கிறேன்.
அப்பா வேண்டுமானால் எழுதிக்கொள்ளட்டும்.