ரேகை

அண்டியாபீஸில் கொட்டை தல்லித் தல்லி
அம்மாவின் விரல்களில் ரேகை அழிந்திருந்தது.
எனக்குச் சோறு உருட்டும்முன்
சாம்பலிட்டுத் தேய்ப்பாள். கறை போகாது.

காப்பீட்டு அட்டைக்குத் தக்கலையில்
பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள்.
மெஷின் ஒன்றையும் ஏற்கவில்லை.
"நான் இல்லேன்னு சொல்லுது, பாத்தியா மக்ளே?"
சிரித்தாள். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

நெய்யூர் ஆஸ்பத்திரி, ஏழு மாதம்.
முடி போனது. புருவம் போனது.
கொட்டையைத் தொடாத கையில்
தோலுரிந்து புதுத்தோல் வந்தது.
கடைசி வாரம், ஜன்னல் பக்கம்
கையைத் திருப்பிப் பிடித்தாள்:
"பாரு, கோடு முளைக்குது."

ரோஸ்லெட், வயது முப்பத்துநாலு.
அந்தக் கோடுகளை யாரும் பதிந்து வைக்கவில்லை.
என் கன்னத்துக்குத் தெரிந்ததெல்லாம்
அந்தப் பழைய சொரசொரப்பு.