புள்ளி இல்லாத தெரு

நாலரைக்கு அலாரம்.
இருட்டிலேயே ஷூ நாடா கட்ட விரல் பழகிவிட்டது.
மின்வெட்டு அட்டவணைப்படி இன்று எங்கள் பகுதிக்கு
நான்கு முதல் ஆறரை வரை.
சாட்ஸ்வொர்த் மேடு முழுக்கக் கறுப்பு.
கீழே ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில்
மினி டாக்சிகள் ஹாரனால் பேசிக்கொண்டு போகின்றன.

நான் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறவள்.
எண்ணத் தெரிந்தவள் என்று
இதையும் என் தலையில் கட்டினார்கள்:
பதினொரு பெண்கள், ஒரு வரைபடம்,
ஓடி முடித்த கையோடு
வியர்வை விரலால் ஆளாளுக்கு வைக்கும் புள்ளிகள்.

விளக்குக் கம்பம் 114. எரியவில்லை.
விளக்குக் கம்பம் 114. இன்னும் எரியவில்லை.
பேவியூ திருப்பம். வெள்ளை வேன், இரண்டு முறை மெதுவானது.
பெட்ரோல் பங்க். இரவுக் காவலர் ம்லுங்கிசி
குட் மார்னிங் சொல்வார், அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார்.
நல்ல இடம்.
நாய். குரைக்கும், கடிக்காது. பெயர் புரூனோ.
குரங்குகள். இவை பரவாயில்லை.
பள்ளி மதில். விசில்.
பள்ளி மதில். விசில்.
பள்ளி மதில்.

அந்த மூன்றாவது புள்ளிக்குக் காரணம் எழுதப்படவில்லை.
வைத்தவள் யாரென்று எனக்குத் தெரியும்.
கேட்கவில்லை.
'காரணம்' என்ற கட்டத்தை
நிரப்பாமலும் விடலாம் என்று மாற்றி வைத்தேன்.
அன்றைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

தண்டேகா சொன்னாள்:
நேரத்தை எடுத்துவிடு, கோகி.
எத்தனை மணிக்கு எங்கே ஓடுகிறோம் என்று
நாம் படிப்பதை அவனும் படிப்பான்.
ஒரு நிரல் முழுவதையும் அழித்தேன்.
பத்து மாதத்து விடியல்கள்,
ஒரே பொத்தானில்.

மாநகராட்சி அலுவலர் திரையை இழுத்து இழுத்துப் பெரிதாக்கினார்.
சிவப்பு இல்லாத தெரு பத்திரமான தெரு என்றார்.
ஆற்றோரச் சாலையைத் தொட்டுக் காட்டினார்.
பாருங்கள், ஒரு புகார்கூட இல்லை,
இங்கே ஓடலாமே நீங்கள்?

லோஷினிதான் முதலில் சிரித்தாள்.
பிறகுதான் எனக்கும் உறைத்தது.
ஒருவரும் விழுங்காத மருந்துக்குப்
பக்கவிளைவு ஏது?
பத்து வயதுக்குப் பிறகு எங்களில் ஒருத்தியும்
அந்தச் சாலைக்குப் போனதில்லை.
போகாதே என்று யாராவது சொன்னார்களா, நினைவில்லை.
கால்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

தண்டேகா உம்லாசிக்காரி.
இரண்டு டாக்சி மாறி எங்களோடு ஓட வருகிறாள்.
ஆற்றோரமாக வந்தால் நாலே கிலோமீட்டர்.
அவள் அப்பாவை அந்தக் கரையிலும்
என் அப்பாவை இந்தக் கரையிலும் வைத்தது
வேறொரு வரைபடம்.
அதற்கும் யாரோ எங்கோ மேஜையில் உட்கார்ந்து
வண்ணம் அடித்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை, வெளிச்சம் வந்த பிறகு,
பதினொரு பேரும் போனோம்.
தைரியம் என்று சொல்லமாட்டேன்.
தகவல் வேண்டியிருந்தது.
சாக்கடை நாற்றம். உடைந்த சுவர்.
கம்பம் இருக்கிறது, பல்பு இல்லை.
கரும்பு மாதிரி ஏதோ ஒரு புல், ஆள் உயரம்,
அதைக் கடக்கும்வரை ஒருத்தியும் பேசவில்லை.
வளைவில் தூண்டில் போட்டிருந்த ஒருவர்
எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

வணக்கமா, திரும்பிப் போகச் சொன்னாரா?
வீட்டுக்கு வந்தும் தகராறு ஓயவில்லை.
நாலு பேர் பச்சை என்றார்கள், ஆறு பேர் சிவப்பு.
தண்டேகா மட்டும், அவர் கையில் மீன் இருந்தது என்றாள்.
மூன்றையும் பதிந்தேன்.

செவ்வாய்க்கிழமை கம்பம் 114 எரிந்தது.
புதன் காலை எரிந்தது.
புதன் நண்பகலிலும், பட்டப்பகல் வெயிலில்,
அணைக்க ஆளில்லாமல் எரிந்துகொண்டே இருந்தது.
அதைப் பற்றி இதுவரை
ஒருத்தியும் புகார் வைக்கவில்லை.