கடல் பதின்மூன்று மீட்டர்

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள்.
கான்கால் துறையில் எல்லோருக்கும் சிப்பி வேண்டும்.
அன்றைய நானூற்றுப் பதினேழாவதோ பதினெட்டாவதோ,
கத்தி வழுக்கி
அஸெனோரின் இடது மணிக்கட்டில் இறங்கியது.
சிப்பி மூடியே கிடந்தது.

ரென் நகரத்து மருத்துவர்
மயிரினும் மெல்லிய நூலால்
நரம்பின் இரு முனையையும் சேர்த்துத் தைத்தார்.
"இனி?"
"இனி, தையலுக்கு அந்தப்புறம் உள்ளதெல்லாம் சாகும்" என்றார்,
ரயில் நேரம் சொல்பவரைப் போல.

செத்தது.
வேரிலிருந்து அறுபட்ட இழைகள்
ஓரிரு நாள் சேதி தெரியாமல் கிடந்து
பிறகு மணி மணியாக உதிர்ந்தன.
கொழுப்பு உறை குமிழ்களாய்ச் சுருண்டது.
இரத்தத்திலிருந்து தின்னும் செல்கள் வந்தன,
ஓதம் வற்றியதும் சேற்றில் இறங்கும்
கடற்காகங்கள் மாதிரி.
ஒரு துணுக்கு மிச்சமில்லை.

இழவு என்று சொல்ல முடியாது அதை.
உறை நெய்த செல்கள் நெய்வதை விட்டுவிட்டு
காலிக் குழாய்க்குள் வரிசையாய் நின்றன,
யார் வரப்போகிறார்கள் என்று தெரியாமலே.

மூன்று விரல்கள் வேறு யாருடையவையோ.
பிப்ரவரியில் அடுப்புத் தட்டில் கை வைத்தாள்;
தீய்ந்த வாடைதான் முதலில் எட்டியது.
அன்றுதான் அழுதாள்.
வலிக்காததற்கு.

வியாழன்தோறும் குவெனோலே
மணிக்கட்டிலிருந்து விரல்களை நோக்கி
ஆட்காட்டி விரலால் தட்டிக்கொண்டே போவான்.
"இங்கே?"
இல்லை.
"இங்கே?"
எறும்பு.
அங்கே பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி.
குளித்தால் போய்விடும் என்று
வீட்டில் ஓத அட்டவணையின் ஓரத்திலும் எழுதினாள்.
மார்ச் கடைசி வாரம்:
கடல் பதின்மூன்று மீட்டர்.
நான் ஆறு சென்டிமீட்டர்.

நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்.
முதுகெலும்பின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் செல்
கை நீளத்துக்கும் சரக்கு அனுப்ப வேண்டும்;
முனையில் ஒரு சின்னக் கை விரிந்து விரிந்து
இருட்டில் சுவிட்சைத் தேடுகிறது.
எல்லாம் போய்ச் சேர்வதில்லை.
வழி தப்பியவை தையலோரம் முடிச்சாகிக் கிடக்கின்றன,
சட்டைக் கை உரசினாலே
சுரீர்.

ஆகஸ்டில் பழைய மேசைக்குத் திரும்பினாள்.
வலையுறை மாட்டுவதற்கு முன்
"கண்ணை மூடு" என்றாள் ரொஸென்.
எதையோ தொட்டாள்.
"நடுவிரல்."
"கிடையாது. ஆட்காட்டி."
"தபால் வந்துவிட்டதல்லவா?
பக்கத்து வீட்டில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்."

பிறகு கூடையிலிருந்து ஒன்றை எடுத்தாள்.
சொரசொரத்த ஓடு, பாசி,
கீல் பக்கத்தில் கொஞ்சம் மணல்.
கத்தியை இன்னும் எடுக்கவில்லை.

குளிர்கிறது, ரொஸென்.
எந்த விரலில் என்று மட்டும் கேட்காதே.